தரிப்பிடத்தில் வரைந்த நாற்சார் வீடு: வெள்ளவத்தையில் ஒரு பொருட்பதிவு

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவே ஓடும் ஒழுங்கைகளில் ஒன்று. அங்கே ஒரு தொடர்மாடியின் மூன்றாம் தளத்தில், மூன்று அறை வீட்டுக்குள், யாழ்ப்பாணத்து வடமராட்சியில் இருந்த நாற்சார் வீடொன்றின், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் கட்டடம் கொண்ட பழைய வீடொன்றின், சாமான்கள் இருந்தன. பெட்டகம், இரண்டு கதவுகள், சாய்மனைக் கதிரை, அம்மி, தேங்காய் துருவும் திருவலை, பித்தளை, ஓலைப் பெட்டிகள். சில பால்கனியில், சில கட்டிலுக்குக் கீழே, சில சீனிச் சாக்குகளில் கட்டியபடி. பிள்ளைகள் ரொறொன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். கொழும்பு வீட்டை விற்றுவிட்டு, வீட்டுக்காரரான மாமி மகளோடு கனடாவுக்குப் போவதாக முடிவாகியிருந்தது. சாமான்களில் கொஞ்சம் கூடப் போகும், கொஞ்சம் சொந்தக்காரருக்குப் போகும், மீதி எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. அதற்கு முன் எல்லாவற்றையும் படம் எடுத்துத் தரவேண்டும் என்று மகள் கேட்டார். நத்தாருக்கு அச்சடிக்க ஒரு ஆல்பம் வேண்டும் என்பதுதான் அவர் மனதில் இருந்தது.

போன நாங்கள் மூன்று பேர். ஒருவர் கமெரா, ஒருவர் வெளிச்சமும் அளவும், ஒருவர் பேச்சும் குறிப்பும். எவருக்கும் இது தொழில் இல்லை. ஆனால் வேலையைத் தொடங்கும் முன் ஒரு நிபந்தனை வைத்தோம்: ஆல்பம் வரும், ஆனால் அதற்காக மட்டும் எடுக்கமாட்டோம்.

காரணம் இருந்தது. பழைய வீட்டுப் பொருட்களைப் படம் பிடிக்க கொழும்பில் ஒரு முறை நிலைத்துவிட்டது. கறுப்புத் துணி விரிப்பது, செம்புக்குப் பக்கத்தில் ஒரு செவ்வரத்தம்பூ வைப்பது, பின்னணியை மங்கவிட்டு விளிம்பில் ஒரு மினுக்கம் விழ எடுப்பது. ஹோட்டல் சுவருக்கும் கலியாண அழைப்பிதழுக்கும் அது போதும். அந்தப் படத்தைப் பார்த்து பித்தளை வேலை செய்யும் ஒரு கன்னானால் செம்பின் அடியை எப்படிப் பொருத்தினார்கள் என்று சொல்ல முடியாது. அது வீட்டில் எந்த மூலையில் இருந்தது, ஏன் ஒரு பக்கம் மட்டும் நசுங்கியது என்றும் தெரியாது. நாங்கள் வைத்துக்கொண்ட அளவுகோல் எளிமையானது: படத்தை வைத்துப் பொருளைத் திரும்பச் செய்யக்கூடியதாக இருக்கவேண்டும்; படங்களைச் சேர்த்து வீட்டைத் திரும்ப அமைக்கக்கூடியதாக இருக்கவேண்டும்.

புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட்டின் ஊரில் இருந்துகொண்டு இப்படிச் சொல்வது கொஞ்சம் துணிச்சல்தான். 1900இல் பிறந்து 1944இல் மறைந்த அந்தக் கொழும்புக்காரர் கிராமத்து உடலையும் ஓலையையும் நீரையும் எடுத்த படங்களுக்கு முன்னால் நின்றால் பேச்சு வராது. ஆனால் அவர் படத்தில் ஒரு கூரை, ஒளி விழுகிற பரப்பாக இருக்கிறது. கூரை வேயும் கிடுகை எந்தக் கயிற்றால் எத்தனை சுற்றுக் கட்டினார்கள் என்று அங்கே தேடுவது அவருக்குச் செய்கிற நியாயம் இல்லை. எங்களுக்கு அந்தக் கயிறுதான் வேண்டும். கட்டடப் பதிவுக்காரர்கள் இதை வெகு காலமாகச் சொல்லிவருகிறார்கள். அமெரிக்காவில் 1933இல் தொடங்கிய வரலாற்றுக் கட்டட அளவாய்வு, அளந்து வரைந்த படம், புகைப்படம், எழுத்து மூன்றையும் ஒன்றாக வைத்தது. ஒன்று இல்லாவிட்டால் மற்ற இரண்டும் நொண்டும்.

கொழும்பிலேயே இதற்கு நல்ல சாட்சி உண்டு. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் அல்ஃப்ரட் பிளேஸில் ஈனா டி சில்வாவுக்குக் கட்டிய வீடு, பழைய சிங்கள வளவு வீடுகளின் (பிரபுக்களின் பெரிய வீடுகளின்) நடுமுற்றத்தை நகரத்துக் காணிக்குள் கொண்டுவந்த வீடு. பிற்காலத்தில் அந்தக் காணி கைமாறியபோது வீட்டைப் பகுதி பகுதியாக எண்ணிட்டுக் கழற்றி, பெந்தோட்டைக்குப் பக்கத்தில் லுணுகங்கவில் மறுபடி கட்டினார்கள். ஒரு கல் எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் இருந்தது என்ற பதிவு இல்லாமல் அது நடந்திருக்காது. எங்கள் கையில் அந்தப் பணமும் இல்லை, ஆட்களும் இல்லை. எண்ணிடுவதற்குப் பணம் தேவையில்லையே.

வந்த வழியும் காலமும்

எந்தப் பொருள் எப்போது கொழும்புக்கு வந்தது என்பதை முதலில் எழுதினோம். மாமியின் கணவர் கொழும்பில் அரசாங்க உத்தியோகம். குடும்பத்துக்கு இங்கே ஒரு கால், ஊரில் ஒரு கால். 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு சில காலம் இரண்டு காலும் ஊரில். 1995 ஒக்டோபர் கடைசியில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, வடமராட்சியில் இருந்த இந்த வீட்டு நடுமுற்றத்தில் சொந்தக்காரரும் சொந்தமில்லாதவரும் சமைத்துச் சாப்பிட்டார்கள். பெரிய அலுமினியத் தாச்சி அந்த நாட்களில் வாங்கியது. பெட்டகமும் கதவுகளும் 2002இல் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை திறந்த பிறகு லொறியில் வந்தன. 2006 ஓகஸ்டில் பாதை மறுபடி மூடப்பட்டதும் வரத்து நின்றது. ஓலைச் சாமான்களில் பெரும்பகுதி 2014இல் யாழ்தேவி ரயில் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கிய பிறகு, ஒவ்வொரு முறை ஊருக்குப் போனவர்கள் மடியில் வைத்துக் கொண்டுவந்தவை.

இந்த வரிசை ஏன் முக்கியம் என்றால், 2014க்குப் பிறகு வந்த பெட்டிகளில் சில அந்த வீட்டுக்குரியவையே இல்லை. சந்தையில் வாங்கியவை, சாயம் போட்ட ஓலை, பயணிகளுக்கென்று பின்னியவை. ஒரே மேசையில் வைத்து எடுத்தால் எல்லாம் ஒரே வீட்டுப் பொருளாகத் தெரியும். அவற்றையும் எடுத்தோம், வேறு தொகுதியாக.

எடுத்த விதம்

வீட்டின் வெளிச்சம் மேற்கிலிருந்து, கடல் பக்கமிருந்து வந்தது. பின்னேரம் பால்கனியில் எதை வைத்தாலும் ஒரு பாதி வெளுக்கும், மற்றப் பாதி கறுக்கும். காலையில் நேர் வெயில் இல்லை, அதுதான் வேலை நேரம். பால்கனிக் கதவில் மாமியின் கணவருடைய வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டோம். எதிர்ப்பக்கம் இன்னொரு வேட்டி. ஸ்டுடியோ விளக்கு எதுவும் கொண்டுபோகவில்லை. ஒரே ஒரு கைவிளக்கு மட்டும்.

கைவிளக்கின் வேலை தனி. ஓலைப் பின்னலையும் உளி பட்ட மரத்தையும் நேராக வெளிச்சம் போட்டு எடுத்தால் பரப்புத் தட்டையாகிவிடும். விளக்கைப் பொருளின் மட்டத்துக்கு இறக்கி, பக்கத்திலிருந்து உரசினாற்போல் அடித்தால் ஒவ்வொரு இழையும் தன் நிழலோடு எழுந்துவரும். கடகத்தின், அதாவது பெரிய ஓலைக்கூடையின், அடிப்பக்கத்தை அப்படித்தான் எடுத்தோம். பின்னல் அடியில்தான் தொடங்குகிறது; இரட்டை ஓலையா, எத்தனை இழை குறுக்கே போகிறது, மூலை எங்கே மடிகிறது எல்லாம் அங்கே தெரியும். மாமிக்கு இது விளங்கவில்லை. "தம்பி, அடியைப் படம் பிடிச்சு என்ன செய்யப் போறியள்? முகத்தைப் பிடியுங்கோ" என்றார். பின்னுகிற ஒரு பெண்ணிடம் பிறகு கைபேசியில் அந்தப் படங்களைக் காட்டியபோது, முகப்புப் படத்தைத் தள்ளிவிட்டு அடிப்படத்தைத்தான் பெரிதாக்கிப் பார்த்தார்.

பித்தளைதான் பெரிய தொல்லை. மூக்கு வைத்த குடிபாத்திரமான மூக்குப்பேணியின் வயிற்றில் கமெரா, முக்காலி, எடுக்கிறவரின் சேர்ட் எல்லாம் தெரியும். வெள்ளைத் துணியைச் சுற்றிலும் கட்டி, லென்ஸ் அளவுக்கு ஒரு ஓட்டை விட்டு எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒன்றைச் சொல்லவேண்டும்: படம் எடுக்கப் போகிறோம் என்று கேள்விப்பட்டதும் வீட்டு வேலைக்கு வந்த பிள்ளை புளி போட்டுத் தேய்க்கத் தொடங்கிவிட்டது. மறித்தோம். பேணியின் மூக்கடியில் இருந்த பச்சைக் களிம்பு எத்தனையோ ஆண்டுப் பாவனையின் தடயம். படம் எடுத்த பிறகு தேய்க்கட்டும்.

மற்றது ரயில். கரையோரப் பாதை பக்கத்தில்தான். ஐ.எஸ்.ஓ. 100, துவாரம் எஃப் 11 என்று வைத்தால் அறைக்குள் ஒரு விநாடிக்கு மேல் திறந்திருக்கவேண்டும். ரயில் போகும்போது தளம் அதிர்ந்து ஓலை இழைகள் இரண்டிரண்டாகத் தெரியும். ஆகவே ரயில் போகும் வரைக்கும் கமெராவுக்கு ஓய்வு, ஒலிப்பதிவுக்கு வேலை. மாமியின் பேச்சில் நல்ல பகுதிகள் பல ரயில் சத்தத்துக்குள்தான் இருக்கின்றன.

ஒவ்வொரு பொருளுக்கும் முன், பின், பக்கங்கள், மேல், அடி. கூடவே பத்து சென்டிமீட்டர் அளவுக்கோடும் சாம்பல் அட்டையும். பிறகு பழுது, பொருத்து, தேய்மானம். திருவலையின் இருக்கைப் பலகை ஒரு பக்கம் மட்டும் வழுவழுப்பாக இருந்தது. மாமியை இருந்து காட்டச் சொன்னோம். காலைச் சாய்த்து, உடம்பை ஒருக்களித்து, தேங்காய்ப் பாதியைப் பல்லில் வைத்தார். பலகையின் தேய்மானம் அவர் இருந்த இடத்தோடு சரியாகப் பொருந்தியது. அதை நிழற்படமாகவும் ஒரு சிறு காணொளியாகவும் எடுத்தோம். பெட்டகத்துக்குத்தான் நேரம் அதிகம் பிடித்தது. சில்லுகள், பூட்டின் உட்பக்கம், மறைவு அறை, பலகைகள் பல்லுப் பல்லாக ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கும் மூலைகள் எல்லாவற்றையும் எடுத்து, ஒவ்வொரு பலகைக்கும் எண் கொடுத்தோம்.

தரிப்பிடத்தில் வீடு

பொருட்கள் முடிந்தபோது கையில் இருந்தது நல்ல ஒரு கடைப் பட்டியல். எது எங்கே இருந்தது என்பது இன்னும் பேச்சில்தான் இருந்தது, பேச்சும் குழப்பமாக இருந்தது. "அங்கால", "இங்கால", "மற்றப் பக்கம்" என்று மாமி கையைக் காட்டுவார். கை காட்டிய இடத்தில் வெள்ளவத்தைக் குளியலறை இருக்கும். தாளில் வரையச் சொன்னால் பேனையை எடுக்கவே மாட்டார்.

தொடர்மாடியின் கீழே, திறந்தவெளியில் வாகனத் தரிப்பிடம். ஞாயிறு காலையில் பாதி வாகனங்கள் வெளியே. காவலாளியிடம் கேட்டுக்கொண்டு, சோக்கட்டியால் நிலத்தில் நடுமுற்றத்தையும் அதைச் சுற்றிய நான்கு சார்களையும் வரையத் தொடங்கினோம். முழு அளவில் முழு வீடும் அங்கே கொள்ளாது. முற்றமும் பின்சாரும் குசினியும் உண்மை அளவில், முன்பகுதி சுருக்கி. நாற்சார் வீட்டின் சங்கதி முற்றத்தில்தான் இருக்கிறது: நான்கு பக்கக் கூரையும் உள்ளே சரிந்து, மழைத்தண்ணீர் பீலி வழியாக முற்றத்தில் விழும். வெளியே சுவர், உள்ளே வெளிச்சம். ஆகவே முற்றத்தின் அளவு பிழைத்தால் எல்லாம் பிழைக்கும்.

மாமியைக் கைப்பிடித்து இறக்கினோம். கோட்டுக்குள் கால் வைத்ததும் கை காட்டுவதை விட்டுவிட்டு நடக்கத் தொடங்கினார். கூரை வைத்த வெளிவாசலான சங்கடப் படலையால் வந்து, விறாந்தையில் செருப்பைக் கழற்றி (உண்மையாகவே கழற்றினார்), சாமி அறையைத் தாண்டி, முற்றத்தைச் சுற்றிப் போய்க் குசினி வாசலில் குனிந்தார். அங்கே வாசல் தாழ்வு. நாங்கள் கேட்காமலே அம்மி, உரல், திருகணி மேல் தண்ணீர்ப் பானை, உறி தொங்கிய இடம், பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி செருகிய கூரைச் சந்து எல்லாம் வந்தன. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய தாளை நிலத்தில் வைத்து, மேலே இரண்டாம் தளத்துப் படிக்கட்டு யன்னலிலிருந்து முழுவதையும் படம் எடுத்தோம். என் மதிப்பில் இந்தத் தொகுப்பின் மிகப் பயனுள்ள படம் அதுதான். பார்வைக்கு ஒன்றுமே இல்லை. சீமெந்து நிலம், சோக்குக் கோடு, ஒரு வான், தாள்கள்.

காவலாளி குருநாகல் பக்கத்தவர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தங்கள் வீட்டில் நெல் வைக்கும் வீ பிஸ்ஸ எங்கே நின்றது என்று வாகனங்களுக்கு நடுவே வட்டம் போட்டுக் காட்டினார். கல்லின் மேல் உயர்த்தி, சுள்ளியால் வரிந்து மண் பூசி, மேலே கூம்புக் கூரை. கூரையைச் சற்றுத் தூக்கி முட்டுக்கொடுத்துத்தான் நெல் எடுப்பார்களாம். அதையும் படம் எடுத்தோம். இந்தத் தொகுப்பில் சேராது, ஆனால் விட மனம் வரவில்லை.

கோட்டு வீட்டில் சங்கடமான ஓர் இடமும் வந்தது. பின்சாருக்கு வெளியே, கோடிப் பக்கத்தில், மாமி நின்றுவிட்டார். நெல்லுக் குத்த வந்த பெண்களும் கிணற்றுத் துலா மிதிக்க வந்தவர்களும் இருந்த இடம் அது. குடிக்க, உள்ளே மூக்குப்பேணி, வெளியே சிரட்டை. அவர்கள் குசினி வாசலுக்குள் வந்ததில்லை. மாமி சொன்னார்: "அப்ப அப்பிடித்தான் நடந்தது தம்பி. இப்ப நினைக்க வெக்கமாக் கிடக்கு." லண்டனில் இருக்கும் மகனுக்கு இதை எழுதுவது பிடிக்கவில்லை, குடும்பத்தைக் குறை சொல்வதாகும் என்றார். எனக்கு அவர் சங்கடம் விளங்கியது. ஆனால் சாதியை எடுத்துவிட்டால் அந்த வீட்டின் கட்டமைப்பே விளங்காது. பின்வாசல் ஏன் அவ்வளவு ஒடுக்கம், கிணற்றில் யார் அள்ளினார்கள், உரல் ஏன் இரண்டு, ஒன்று ஏன் வெளியில் என்ற கேள்விகளுக்கு வேறு விடை கிடையாது. நாற்சார் வீட்டைக் காணியும் வசதியும் உள்ளவர்கள்தான் கட்டினார்கள். மண்ணாலும் ஓலையாலும் கட்டிய மற்றவர்களின் வீடுகள் நின்ற இடமே தெரியாமல் போய்விட்டன. அவர்கள் கை பட்ட பொருள்கள் இருப்பது இப்படியான வீடுகளின் சாமான்களுக்குள்தான். கடகத்தைப் பின்னிய கை மாமியின் கை இல்லை.

கடைசியில் ஆல்பத்தில் அந்தக் குறிப்பு இல்லை, பதிவுத் தொகுதியில் இருக்கிறது. மாமியின் குரலோடு. அதற்குச் சம்மதம் கொடுத்தது மாமிதான்.

ஊரில் மிச்சமிருந்த வீடு

ஊரில் வீடு முழுதாக இல்லை. இரண்டு சார்களுக்குத்தான் கூரை இருந்தது. பக்கத்து வளவில் இருக்கும் மாமியின் பெறாமகன் (மகன் முறையானவர்) கைபேசியில் எடுத்தார், நாங்கள் வெள்ளவத்தையில் இருந்து வட்ஸ்அப்பில் சொல்லிக்கொண்டிருந்தோம். முதலில் வந்தவை வழமையான படங்கள்: அகல லென்ஸில், கீழே இருந்து மேல் நோக்கி, தூண்கள் எல்லாம் உள்ளே சாய்ந்து விழப்போவதுபோல். அகல லென்ஸை மறந்துவிட்டு சாதாரண லென்ஸில், பின்னால் போய், சுவரின் பாதி உயரத்துக்குக் கைபேசியைத் தூக்கிச் சாய்க்காமல் பிடிக்கச் சொன்னோம். கதிரையில் ஏறி நின்று எடுத்தார். அதன் பிறகு தூண்கள் நேராக நின்றன. ஒவ்வொரு படமும் முன்னைய படத்தின் பாதிக்கு மேல் மூடும்படி சுவரோரமாக நகர்ந்து நகர்ந்து எடுக்கச் சொன்னோம். பிற்காலத்தில் யாராவது முப்பரிமாண மாதிரி செய்ய நினைத்தால் அது வேண்டியிருக்கும். முற்றத்தில் வெயில், விறாந்தையில் இருட்டு என்பதால் ஒரே இடத்தில் நின்று வெளிச்ச அளவை மாற்றி மாற்றி எடுக்கவேண்டியிருந்தது.

அவரிடம் கேட்ட இரண்டு படங்கள் அவருக்கே சிரிப்பாக இருந்தன. ஒன்று, விழுந்து கிடந்த ஓட்டின் அடிப்பக்கம். தட்டை ஓடுகளின் அடியில் செய்த தொழிற்சாலையின் அடையாளம் பொறித்திருக்கும். தேய்ந்துபோன எழுத்தில் கள்ளிக்கோட்டை என்ற கேரளக் கரை ஊர்ப்பெயரை மட்டும் வாசிக்க முடிந்தது. இந்தியாவின் மேற்குக் கரையில், மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறித்தவ மிஷன் 1865இல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகே அந்தக் கரையிலிருந்து இப்படியான ஓடுகள் பெருமளவில் ஏற்றுமதியாயின. ஆகவே "இருநூறு வருசத்து வீடு" என்று குடும்பம் சொல்லிவரும் கதையில் அந்தக் கூரையாவது சேராது. சுவர் முந்தியதாக இருக்கலாம். முன்பு ஓலை வேய்ந்திருக்கலாம். மற்றது, கூரைக்குள் பனஞ்சிலாகையும் வளை என்ற குறுக்குமரமும் சந்திக்கும் இடம். அங்கே ஆணியும் இருந்தது, கயிற்றுக் கட்டும் இருந்தது. எந்தப் பகுதி எப்போது திருத்தியது என்பதற்கு அதுதான் சாட்சி.

முற்றத்தை நாடாவால் அளந்து அனுப்பினார். மாமி தரிப்பிடத்தில் நடந்து காட்டியதைவிட முற்றம் சிறிது. குசினியிலிருந்து கிணற்றுக்குள்ள தூரம் மட்டும் கிட்டத்தட்டச் சரி. சோக்குப் படத்தைத் திருத்தவில்லை. இரண்டு வரைபடங்களும் தொகுதியில் இருக்கின்றன, ஒன்று நாடாவின் கணக்கு, ஒன்று மாமியின் கணக்கு.

ஜாம் போத்தலும் நீலப் பட்டியும்

எது பாரம்பரியம் என்பதில்தான் குடும்பத்தோடு கூடுதலாக வாதிட்டோம். சாக்கொன்றின் அடியில் ஒரு ஜாம் போத்தல் விளக்கு இருந்தது. 1990களின் முதற்பாதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் பொன் விலை. பொருளாதாரத் தடைக் காலத்தில் வீட்டுக்கு வீடு செய்துகொண்ட விளக்கு இது. போத்தலின் அடியில் பஞ்சு, பஞ்சு நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய், கம்பியில் கட்டிய சிறு குழாயில் திரி. போத்தலின் கண்ணாடியே சிமினி, காற்றுக்கு அணையாது. மாமியின் மூன்று பிள்ளைகளும் அந்த வெளிச்சத்தில் படித்துப் பரீட்சை எழுதியவர்கள். அதை எடுக்கவேண்டாம் என்று சொன்னவரும் அவர்களில் ஒருவர்தான். குத்துவிளக்குப் பக்கத்தில் குப்பைப் போத்தலா என்று கேட்டார்.

குத்துவிளக்கு இன்றைக்கும் கடையில் கிடைக்கும். ஜாம் போத்தல் விளக்கை எந்தக் கடையும் விற்றதில்லை, எந்த அரும்பொருளகக் கண்ணாடிப் பெட்டிக்கும் அது லேசில் வராது. கையில் கிடைத்ததைக் கொண்டு, தேவையைப் பார்த்து, பக்கத்து வீட்டைப் பார்த்துத் தானே செய்த பொருள். நாட்டார் பொருட்பண்பாடு என்று நாம் பெரிதாகச் சொல்வது இதைத்தானே? பழமை கூடினால்தான் மதிப்பு என்று வைத்துக்கொண்டால், ஒரு தலைமுறையின் கைவேலை முழுவதும் நம் கண்முன்னே குப்பைக்குப் போகும்.

கடகமொன்றின் விளிம்பில் நார் அறுந்த இடத்தை நீல நிறப் பொதிகட்டும் பிளாஸ்டிக் பட்டியால் கோத்திருந்தார்கள். அதைக் கழற்றிவிட்டு எடுங்கோ என்றார் மகள். கழற்றவில்லை. சொல்லப்போனால் அந்தப் பட்டியைத்தான் கிட்டப்போய் எடுத்தோம். நார் உரிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாத காலத்தில், பழைய முடிச்சைப் புதிய பொருளில் அப்படியே போட்டிருக்கிறார் யாரோ. முடிச்சு பழையது, பட்டி புதிது. ஆல்பத்தின் அட்டைக்கு அந்தப் படத்தைப் போடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். போடவில்லை. அட்டையில் குத்துவிளக்குத்தான்.

கோப்புகள், சம்மதம், பெட்டகம்

மூலக் கோப்புகள் ரோ வடிவில். பாதுகாப்புக்கு டிஃப், பகிர ஜேபெக். கோப்பின் பெயரில் எண் மட்டும். பொருளின் பெயர், அளவு, இடம், காலம், சொன்னவர் எல்லாம் படத்துக்குள் பதிந்த விவரப் பகுதியில், மாமி சொன்ன பெயரிலேயே தமிழில். மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு நாட்டில். கொழும்பின் ஈரப்பதனில் லென்ஸில் மட்டுமல்ல, அலுமாரிக்குள் வைத்த வன்தட்டிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. ஊரில் எடுத்த படங்களிலிருந்து இருப்பிடத் தகவலை நீக்கிவிட்டோம். ஆளில்லாத வீட்டில் நல்ல மரக்கதவு இருக்கிறது என்று படத்தோடு அறிவித்தால் அடுத்த மாதம் கதவு இருக்காது. பழைய கதவும் தூணும் கொழும்பில் நல்ல விலைக்குப் போகின்றன.

பொதுப் பாவனைக்கு என்னென்ன போகலாம் என்று மாமியிடம் பட்டியல் வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்கினோம். இலங்கைத் தமிழ்பேசும் சமூகங்களின் எழுத்தாவணங்களை 2005 முதல் எண்ணிமப்படுத்திவரும் "நூலகம்" என்ற இணைய ஆவணகம், படத்துக்கும் ஒலிக்கும் இடம் வைத்திருப்பதால் அங்கே கொடுப்பதைப் பற்றிக் குடும்பம் பேசிக்கொண்டிருக்கிறது. சிரட்டை பற்றிய ஒலிப்பதிவு அதில் போகுமா என்பது இன்னும் தீரவில்லை.

சாமான்களில் அம்மி பெறாமகன் வீட்டுக்குத் திரும்பிப் போனது. கதவுகளில் ஒன்றை ஒரு வியாபாரி வாங்கினார், மற்றதை மாமி கொடுக்கமாட்டேன் என்றுவிட்டார். ஜாம் போத்தலை நான் கேட்டேன், தந்தார்கள்.

பெட்டகம்தான் மிஞ்சியது. 2002இல் கயிறு கட்டிப் பால்கனி வழியாக ஏற்றினார்களாம். இப்போது பால்கனிக்குக் கம்பி அடித்தாயிற்று, லிப்டுக்குள்ளும் போகாது. தெஹிவளையில் இருந்து வந்த மரவேலை பாஸ் (தச்சர்) கழற்றித்தான் இறக்கவேண்டும் என்றார். எங்கள் மூலைப் படங்களைத் தாளில் அடித்துக் கொடுத்தோம். எந்தப் பலகை முதலில் இழுபடும் என்று படத்தைப் பார்த்தே வரிசை போட்டு, பலகைகளில் எங்கள் எண்களையே சோக்கட்டியால் எழுதிக் கழற்றினார், ஒரு பல்லும் உடையவில்லை. கனடாவுக்கு அனுப்புவது தனிக் கதை. தொல்பொருள் எனக் கருதக்கூடிய எதையும் வெளியே கொண்டுபோக 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். விண்ணப்பத்தோடு அதே படங்களில் சிலவற்றையும் இணைத்திருக்கிறார்கள். பதில் வரும் வரை பலகைகள் பம்பலப்பிட்டியில் மாமியின் தங்கை வீட்டுக் கட்டிலுக்குக் கீழே, எண் வரிசையில் அடுக்கியபடி இருக்கின்றன.